வெள்ளையடித்த வள்ளலே, வாழ்க!

கலிபோர்னியாவின் சன்னிவேலிலும் பாலோ ஆல்டோவிலும் குபர்டினோவிலும் ஜோசப் ஐக்ளர் கட்டிய வீடுகளில் ஒன்றை வாங்கி, இடித்துப் பூசிப் புதுப்பித்து முடித்திருக்கும் அன்பரே, வணக்கம். நீங்கள் செய்த காரியத்தின் பெருமையை எடுத்துச் சொல்ல இதுவரை ஒருவரும் முன்வரவில்லை. அந்தக் குறையை நான் தீர்க்கிறேன். பெயர் சொல்லி வாழ்த்த முடியாததற்கு மன்னியுங்கள். நீங்கள் ஒருவராக இருந்தால் அது எளிது. தெருவுக்குத் தெரு இருக்கிறீர்கள். சீனர், ஐரோப்பியர், இந்தியர் என்று எல்லா நாட்டாரும் உங்களில் உண்டு. மென்பொருள் வேலைக்குப் போய் அங்கேயே வேரூன்றிய நம் தமிழர்களும் உண்டு. ஆகவே இந்த வாழ்த்து எல்லோருக்கும் பொது.

முதலில், நீங்கள் எத்தகைய வீட்டின் மேல் கை வைத்தீர்கள் என்பதைச் சொன்னால்தான் உங்கள் ஆற்றல் விளங்கும்.

ஐக்ளர் கட்டடக் கலைஞர் அல்லர். 1900இல் நியூயார்க்கில் பிறந்தவர். வெண்ணெய், முட்டை மொத்த வியாபாரத்தில் பல ஆண்டுகள் கழித்தவர். 1940களில் ஹில்ஸ்பரோவில் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் வடிவமைத்த பாஸெட் வீட்டில் சில காலம் வாடகைக்குக் குடியிருந்தார். அந்த வீட்டின் வெளிச்சமும் திறப்பும் அவரை விடவில்லை. கையில் காசுள்ளவருக்கு மட்டும் வாய்த்த அந்தச் சுகம் மாதச் சம்பளக்காரருக்கும் கிடைக்கட்டும் என்று வியாபாரத்தை விட்டு வீடு கட்ட வந்தார். ஆன்ஷென் அண்ட் ஆலன், குவின்சி ஜோன்ஸ், எம்மன்ஸ், கிளாட் ஓக்லண்ட் போன்ற தேர்ந்த கலைஞர்களை வைத்து வரைபடம் போட்டார். 1949, 50 தொடங்கி ஏறத்தாழ 11,000 வீடுகள். பெரும்பாலானவை சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றி. கொஞ்சம் சாக்ரமென்டோவிலும் தென் கலிபோர்னியாவிலும். அமெரிக்கர்கள் இன்று ‘மிட்செஞ்சுரி மாடர்ன்’ என்று கொண்டாடும் பாணியைச் சாதாரணக் குடும்பங்களின் வாசலுக்குக் கொண்டுவந்தவர்களில் அவர் முதல் வரிசைக்காரர்.

அந்த வீடு தெருவுக்கு முதுகு காட்டும். முன்பக்கம் மரப்பலகைச் சுவரும் கார்போர்ட்டும் கதவும் மட்டுமே. ஜன்னல் இருந்தாலும் உயரத்தில் ஒரு கீற்றாக இருக்கும். 1950களின் பிற்பகுதியில் கட்டியவற்றில் கதவைத் திறந்ததும் ஆட்ரியம் வரும்: கூரையில்லாத முற்றம், தலைக்கு மேலே வானம். அதைத் தாண்டி உள்ளே போனால் பின்பக்கச் சுவர் முழுவதும் கண்ணாடி. தோட்டம் கூடத்துக்குள் வந்துவிட்டதா, கூடம் தோட்டத்துக்குப் போய்விட்டதா என்று சட்டென்று சொல்ல முடியாது. தூணும் உத்தரமும் கூரையைத் தாங்குவதால் வெளிச்சுவருக்குப் பாரம் இல்லை. பாரம் இல்லாததால்தான் அங்கே கண்ணாடி வைக்க முடிந்தது. எல்லா அழகும் இந்த ஒரு கணக்கிலிருந்து வருகிறது.

இப்போது உங்கள் பெருமைக்கு வருகிறேன்.

முதலில் உங்கள் துணிவு. ஐக்ளர் வீட்டில் மச்சு கிடையாது. அண்ணாந்து பார்த்தால் தெரியும் பலகைதான் கூரையே. நாக்கும் பள்ளமுமாக ஒன்றோடொன்று கோத்த பலகைகள் உத்தரத்தின் மேல் கிடக்கின்றன. அதற்கு மேல் தாரும் சரளையும், அவ்வளவுதான். உத்தரங்கள் கூடத்தைக் குறுக்கே கடந்து, கண்ணாடிச் சுவரை எட்டி, நிற்காமல் அதைத் தாண்டி வெளியே போய் இறவாரத்தைத் தாங்குகின்றன. கண்ணாடி உத்தரத்தின் அடியிலும் பக்கங்களிலும் அளந்து வெட்டிப் பொருத்தப்பட்டிருக்கும். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பலகையின் இடுக்கைக் கண்ணால் பிடித்துக்கொண்டு போனால், அந்தக் கோடு சமையலறை மேல் தொடங்கி, கண்ணாடியைக் கடந்து, வெளியே தோட்டத்து நிழலில் போய் முடியும். உள்ளும் வெளியும் ஒன்று என்று அந்த வீடு சொல்வதெல்லாம் அந்தக் கோட்டின் வழியாகத்தான்.

எழுபது ஆண்டுக் காலம் எத்தனையோ பேர் அந்தப் பலகைக்குக் கீழே படுத்து எழுந்தார்கள். ஒருவருக்கும் அதை மறைக்கும் துணிவு வரவில்லை. உங்களுக்கு வந்தது. உத்தரங்களுக்கு அடியில் சட்டம் அடித்து, டிரைவால் என்னும் ஜிப்சம் பலகை ஏற்றி, பட்டி போட்டுத் தேய்த்து, வரிசை வரிசையாக வட்ட விளக்கு பதித்தீர்கள். எந்த ஊரில், எந்த ஆண்டில் கட்டிய வீடு என்று இனி எவராலும் கண்டுபிடிக்க முடியாத ஒரு கூரை உங்களுக்குக் கிடைத்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இறவாரத்தில் மட்டும் பழைய உத்தரத்தின் நுனிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவை எங்கிருந்து வருகின்றன என்று இனி வரும் விருந்தாளிகள் கேட்க மாட்டார்கள். கேள்வியே எழாமல் செய்வது பெரிய திறமை.

இரண்டாவது, உங்கள் தூய்மை உணர்வு. உள்சுவர்களில் லுவான் மரப்பலகை இருந்தது. பிலிப்பைன்ஸ் மகோகனி என்று அங்கே சொல்வார்கள். தரையிலிருந்து கூரை வரை ஒரே தாளாக நிற்கும் மெல்லிய ஒட்டுப்பலகை. ஒரு பலகையை அருகில் போய்ப் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் பெயிண்ட் அடிக்க முடியாதே. செம்பழுப்பு நிறம், மேலிருந்து கீழாக ஓடும் நுண்ணிய ரேகை, கை வைத்தால் மயிரிழைப் பள்ளங்கள் விரலுக்குத் தட்டுப்படும். வெயில் படும் பக்கம் ஒரு நிறம், படாத பக்கம் வேறொரு நிறம். யாரோ ஒரு குடும்பம் முப்பது ஆண்டு மாட்டிவைத்த படத்தை எடுத்த இடத்தில், சட்டத்தின் அளவுக்கு ஒரு செவ்வகம் தனி நிறமாக நிற்கும்.

அழுக்கு என்று நினைத்தீர்கள். வெள்ளை பூசினீர்கள். அந்த மரம் எளிதில் அடங்குவதில்லை என்பதும் உங்களுக்கு அப்போது தெரிந்திருக்கும். முதல் பூச்சு காய்வதற்குள் சாறு கசிந்து, வெள்ளையின் மேல் பழுப்பு படரும். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு நொடி தயங்கியிருப்பார்கள். நீங்கள் கறை மறைக்கும் பிரைமர் வாங்கிவந்து, அதன் மேல் இன்னும் இரண்டு பூச்சு கொடுத்து, மரத்தின் வாயை அடைத்தீர்கள். பலகையின் மேல்தோல் காகிதம் போல மெல்லியது. ரேகைப் பள்ளத்துக்குள் இறங்கிய பிரைமரைத் தேய்த்து எடுக்கப் போனால் மரமே போய்விடும். அதாவது உங்கள் வேலை நிலையானது. பின்னால் வருபவர் மனம் மாறினாலும் அதை அழிக்க முடியாது. நிலைத்த புகழ் என்பது எல்லோருக்கும் கிடைப்பதா?

மூன்றாவது, உங்கள் தொழில் அறிவு. ஐக்ளர் வீட்டில் சூடு தரையிலிருந்து வரும். கான்கிரீட் தளம் போடும்போதே அதற்குள் குழாய்களை வளைத்துப் புதைத்து, கொதிகலனிலிருந்து வெந்நீரை ஓடவிட்டார்கள். விசிறிச் சத்தம் கிடையாது, தூசி பறக்காது, சுவரில் ஓட்டை வேண்டாம். ஜனவரி மாதக் காலையில் வெறுங்காலோடு நடந்தால் பாதத்துக்கு இதமாக இருக்கும். கண்ணாடிச் சுவர் வைத்த வீட்டில் குளிரைச் சமாளிக்க அந்தக் கலைஞர்கள் கண்ட வழி அது. கண்ணாடியும் தரையும் ஒன்றை நம்பி ஒன்று வாழ்பவை.

உங்களுக்கோ சமையலறையின் நடுவில் பெரிய மேடை வேண்டியிருந்தது. மேடைக்கு ஸிங்க், ஸிங்குக்குக் கழிவுநீர்க் குழாய், குழாய்க்குத் தரையில் வாய்க்கால். கான்கிரீட்டை அறுத்தீர்கள். அறுக்குமுன் வெப்பக் கேமராவைத் தரையில் காட்டினால் வெந்நீர்க் குழாய் ஓடும் பாதை அப்படியே படமாகத் தெரியும். அதைப் பார்த்து இரண்டடி தள்ளி அறுத்திருக்கலாம். அந்தச் சிறு வேலைக்கெல்லாம் உங்களுக்கு நேரமில்லை. குழாய் அறுந்தது. அறுந்ததை ஒட்டவைப்பதற்குப் பதில், முழு அமைப்பையும் மூடிவிட்டு, சூடான காற்றை ஊதும் யந்திரத்தைக் கொண்டுவந்தீர்கள். காற்றுக் குழாயை ஓட்ட மச்சு இல்லாததால் கூரையின் மேல் தகரக் குழாய் படர்ந்தது. கீழே இருந்து பார்த்தால் கூரை ஒரு மெல்லிய கோடாகத் தெரிய வேண்டும் என்று வரைந்தவர்கள் பட்ட பாட்டுக்கு, நீங்கள் போட்ட கிரீடம் அது.

நான்காவது, உங்கள் ஈகை. வீட்டு வாசலில் டம்ப்ஸ்டர் என்னும் பெரிய குப்பைப் பெட்டி வந்து நின்ற அன்று நீங்கள் எதையும் உங்களுக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் சமையலறை அலமாரிக் கதவுகள், உருண்டை வெள்ளைக் கண்ணாடி விளக்குகள், செங்குத்தாகக் கோடு வெட்டிய வெளிச்சுவர்ப் பலகைகள், மெல்லிய சட்டமிட்ட கண்ணாடிகள் எல்லாம் போயின. அதே காலத்து வீட்டைக் கட்டிக் காப்பவர்கள் அந்த ஒரு விளக்குக்காக, அந்த ஒரு தாழ்ப்பாளுக்காகப் பழைய சாமான் கடைகளில் தேடி அலைகிறார்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் அவர்கள் ஓடிவந்து வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். நீங்கள் அவர்களைத் தொந்தரவு செய்யாமல் நேராகக் குப்பை மேட்டுக்கே வழங்கினீர்கள்.

அந்த ஈகை வீட்டோடு நிற்கவில்லை. உங்களில் சிலர் மேலே ஒரு மாடியும் எழுப்பினீர்கள். ஐக்ளர் குடியிருப்பில் அநேகமாக எல்லா வீடும் ஒரே தளம். ஒவ்வொன்றும் தன் தோட்டத்தைப் பார்த்துச் சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்துக்கொண்டிருப்பது, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்க முடியாது என்ற நம்பிக்கையில்தான். வேலி ஆறடி உயரம் இருந்தால் போதும், திரைச்சீலை வேண்டாம். உங்கள் மாடி ஜன்னல் வந்ததும் நாலு வீட்டுக் கூடங்கள் உங்கள் பார்வைக்குள் வந்தன. அவர்கள் திரை வாங்கினார்கள். பிறகு ஒன்று கூடினார்கள், கையெழுத்துத் திரட்டினார்கள், நகர மன்றத்துக்குப் போனார்கள். இன்று பல ஐக்ளர் பகுதிகளில் மாடி எழுப்பத் தடை இருக்கிறது. சன்னிவேல் 2009இலும் பாலோ ஆல்டோ 2018இலும் ஐக்ளர் வீடுகளை எப்படி மாற்றலாம், எப்படி மாற்றக்கூடாது என்று வழிகாட்டி நெறிகள் வகுத்தன. பாலோ ஆல்டோவின் கிரீன் கேபிள்ஸ், கிரீன்மெடோ என்ற இரு குடியிருப்புகள் 2005இலேயே அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் ஏறிவிட்டன. ஒருவரோடு ஒருவர் பேசாத அயலாரை ஒரே மேசையில் உட்காரவைத்ததில் உங்கள் பங்கை யாரும் மறுக்க முடியாது.

ஐந்தாவது, உங்கள் நன்றி உணர்வு. இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும்.

1913இல் கலிபோர்னியா ஒரு சட்டம் போட்டது. அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதியில்லாத வெளிநாட்டவர் அங்கே விளைநிலம் வாங்க முடியாது என்றது அது. 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியருக்குக் குடியுரிமைத் தகுதி இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும் அந்தச் சட்டம் நம்மவர் மேலும் பாய்ந்தது. 1946இல்தான் வழி பிறந்தது. அதுவும் இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேர் வரலாம் என்ற அளவுக்கு. வீடுகளின் கதையும் அதுதான். வெள்ளையரல்லாதவருக்கு இந்த மனையை விற்கக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைப்பது அமெரிக்க ஊர்களில் பரவலாக நடந்தது. அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1948இல். இன பேதம் பார்த்து வீடு மறுப்பதை நாடு முழுவதும் சட்டம் தடுத்தது 1968இல். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில், நாடு தழுவிய சட்டம் கட்டாயப்படுத்தாதபோது, கட்டுபவர் மனம் வைத்தால்தான் உண்டு.

ஐக்ளர் மனம் வைத்தார். 1950களிலேயே ஆசியருக்கும் கறுப்பினத்தவருக்கும் விற்றார். வாங்குபவர் எந்த இனம் என்று பார்க்க மாட்டேன் என்பதைத் தன் நிறுவனத்தின் கொள்கையாக வைத்தார். தேசிய வீடு கட்டுவோர் சங்கம் அந்தக் கொள்கையை ஏற்க மறுத்ததும் 1958இல் அந்தச் சங்கத்தை விட்டே வெளியேறினார். கண்ணாடிச் சுவரும் பொதுப் பூங்காவும் பொது நீச்சல் குளமும் வைத்து அவர் கட்டிய குடியிருப்பு, யாரும் யாரையும் வெளியே நிறுத்தாத வாழ்க்கைக்கு ஒரு வடிவம். திறந்த வீடு என்பது அவருக்குக் கூரைக் கணக்கு மட்டும் அல்ல.

நம் நிறத்தில் ஒருவர் அந்தத் தெருவில் வீடு வாங்குவது இன்று செய்தியே அல்ல. அது செய்தியாக இருந்த காலத்தில், கதவைத் திறந்துவைத்த சிலரில் ஒருவர் கட்டிய வீட்டில் நீங்கள் குடியேறினீர்கள். நன்றிக் கடனை எப்படித் தீர்ப்பது என்று யோசித்திருப்பீர்கள். ஆட்ரியத்தின் மேல் கூரை போட்டு ஓர் அறை கூட்டிக்கொண்டீர்கள். வானத்தைப் பார்த்திருந்த முற்றம் தொலைக்காட்சி அறையாயிற்று. முன்பக்கப் பலகையைப் பிய்த்துவிட்டு சிமென்ட் பூசி, அதன் கீழ்ப்பாதியில் கல் போலத் தெரியும் ஓடு ஒட்டினீர்கள். வெள்ளைச் சுவர், கறுப்பு ஜன்னல், சாம்பல் நிறத் தரை. அதே ஆண்டு அந்நாட்டின் எல்லா ஊரிலும் எழும்பிய ஆயிரக்கணக்கான வீடுகளிலிருந்து உங்கள் வீட்டைப் பிரித்துச் சொல்ல முடியாதபடி செய்துவிட்டீர்கள். வீணையின் தந்திகளை அறுத்துவிட்டுக் குடத்துக்கு மெருகேற்றியவரை யாராவது அக்கறையில்லாதவர் என்று சொல்ல முடியுமா? எவ்வளவு செலவு செய்திருக்கிறீர்கள்!

ஆறாவதாக, உங்கள் நேர்மை. எல்லாவற்றையும் மாற்றிய நீங்கள் ஒன்றை மட்டும் மாற்றவில்லை: பெயரை. விற்க வந்தபோது விளம்பரத்தின் முதல் வரியில் ‘ஐக்ளர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டீர்கள். வாங்க வருபவர்களுக்கு வீட்டைத் திறந்து காட்டிய ‘ஓபன் ஹவுஸ்’ அன்று வாசலில் வைத்த பலகையிலும் அந்தப் பெயர் இருந்தது. அந்தப் பெயருக்கு விலை உண்டு என்பதை உங்கள் ஏஜென்ட் நன்றாக அறிவார்; கெடாமல் நிற்கும் ஐக்ளர் வீட்டைத் தேடி வருபவர்கள் இருக்கிறார்கள். உத்தரம் மறைந்தது, மரம் மறைந்தது, தரைச் சூடு போயிற்று, முற்றம் மூடியது. பெயர் மட்டும் பத்திரமாக இருக்கிறது. பாதுகாப்பு என்றால் இதுவல்லவா!

உங்களுக்கு மூத்தவர்களும் உண்டு. தென் கலிபோர்னியாவின் ராஞ்சோ மிராஜில் கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் நாய்ட்ரா 1962இல் மாஸ்லன் தம்பதிக்குக் கட்டிய வீடு 2002இல் கைமாறியது. வாங்கியவர் சில வாரங்களிலேயே அதைத் தரைமட்டமாக்கினார். கட்டடக் கலை உலகம் கொதித்தது. ஆனால் ஒன்று: வீடு போய்விட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது; துக்கம் கேட்டு, எழுதி, அடுத்த வீட்டையாவது காப்பாற்ற ஆட்கள் கிளம்பினார்கள். நீங்கள் அந்தச் சங்கடம் யாருக்கும் வராமல் பார்த்துக்கொண்டீர்கள். வீடு நின்றுகொண்டே இருக்கிறது. அது போய்விட்டது என்று யாருக்கும் தெரியாது.

இதுவரை உங்கள் புகழைப் பாடினேன். இனி சொல்ல வேண்டியதை நேராகவே சொல்கிறேன், ஏனென்றால் இன்னும் காப்பாற்ற வேண்டிய வீடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

அந்த வீடுகளுக்குக் குறைகள் உண்டு. தட்டைக் கூரை ஒழுகும். பலகைக்கு மேல் வெப்பத் தடுப்பு இல்லாததால் ஆகஸ்டில் உள்ளே வேகும். ஒற்றைக் கண்ணாடி குளிரைத் தடுக்காது. பழைய கண்ணாடி உடைந்தால் கத்தியாகத் தெறிக்கும், குழந்தை இருக்கும் வீட்டில் அதை மாற்றியே ஆக வேண்டும். சில வீடுகளின் தரைக்குள் செம்புக்குப் பதில் எஃகுக் குழாய் போட்டார்கள், அது துருப்பிடித்தது. பழைய தரை ஓட்டில் கல்நார் இருக்கலாம். தெரியாமல் உடைத்தால் நுரையீரலுக்குக் கேடு. வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதில் குடும்பம் நடத்த வேண்டும், பிள்ளைகள் வளர வேண்டும், வயதான அம்மா வந்து தங்கினால் அவருக்குக் குளிரக்கூடாது.

ஆனால் அந்தக் குறைகளில் ஒன்றுக்குக்கூட நீங்கள் கண்ட மருந்து மருந்தல்ல. வெப்பத் தடுப்பு வேண்டுமென்றால் கூரையின் மேற்புறத்தில் நுரைப்பலகையோ நுரைப்பூச்சோ போட வேண்டும். உள்ளே பலகையும் உத்தரமும் அப்படியே இருக்கும், ஒழுகலும் நிற்கும். கண்ணாடி வேண்டுமென்றால் மெல்லிய அலுமினியச் சட்டத்தில் இரட்டைக் கண்ணாடி கிடைக்கிறது. தடித்த பிளாஸ்டிக் சட்டம் வேண்டாம். விளக்கு வேண்டுமென்றால் உத்தரத்தின் பக்கவாட்டில் தண்டவாள விளக்குப் பொருத்தலாம். தரைக்குழாய் ஒழுகினால் எந்த இடத்தில் என்று கண்டுபிடித்து அந்த இடத்தை மட்டும் தோண்டும் ஆட்கள் அங்கே இன்றும் தொழில் செய்கிறார்கள். மரப்பலகை கறுத்திருந்தால் துடைத்து எண்ணெய் போடலாம். கெட்டே போயிருந்தால் புதிய மரத்தோல் ஒட்டலாம். வெளிச்சுவரின் கோடு வெட்டிய பலகையைப் பழைய அளவிலேயே புதிதாக அறுத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இவற்றில் பலவற்றுக்கு நீங்கள் செய்த செலவுகூட ஆகாது. யோசிக்க நேரம்தான் கூடுதலாக ஆகும்.

அப்படி யோசித்தவர்களின் கதையும் அதே மாநிலத்திலேயே இருக்கிறது. பாம் ஸ்பிரிங்ஸில் நாய்ட்ரா 1946இல் கட்டிய காஃப்மன் வீடு, கை மாறி மாறி, இணைப்பு அறைகள் ஏறி, உருத்தெரியாமல் போயிருந்தது. 1990களின் தொடக்கத்தில் ஹாரிஸ் தம்பதி அதை வாங்கினார்கள். மார்மல் ராட்சினர் என்ற கட்டடக் கலை நிறுவனத்தைக் கூப்பிட்டு, பின்னால் ஒட்டியவற்றை அகற்றினார்கள். ஒளிப்படக் கலைஞர் ஜூலியஸ் ஷுல்மன் 1947இல் எடுத்த படங்களையும் நாய்ட்ராவின் ஆவணங்களையும் அருகில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மூலையையும் ஒப்பிட்டார்கள். பழைய சுவரின் கல்லோடு புதிய கல் பொருந்த வேண்டும் என்று யூட்டா மாநிலத்தில் முதலில் கல் எடுத்த அதே சுரங்கத்துக்குப் போனார்கள். வேலை பல ஆண்டுகள் நடந்தது. அவர்களுக்குப் பணம் இருந்தது, உண்மை. ஆனால் பணம் உங்களுக்கும் இருந்தது. அவர்கள் எதையாவது மாற்றுமுன், இது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் உத்தரம் ஏன் கண்ணாடியைத் தாண்டிப் போகிறது என்று தெரிந்திருக்கும். முன்சுவர் ஏன் மூடியிருக்கிறது, பின்சுவர் ஏன் திறந்திருக்கிறது என்று தெரிந்திருக்கும். ஐந்து நிமிட யோசனையில் தெரிந்துகொள்ளக்கூடியதைத் தெரியாமலேயே பல லட்சம் டாலர் செலவழித்தீர்கள் என்பதுதான் என் வருத்தம். கெட்ட எண்ணம் ஒன்றும் உங்களிடம் இல்லை. உங்கள் காண்ட்ராக்டர் எல்லா வீட்டுக்கும் போடும் பட்டியலைப் போட்டுக் கொடுத்தார், நீங்கள் கையெழுத்திட்டீர்கள். ஒரு வீட்டுக்கு மரணம் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது.

எல்லாம் கைமீறிப் போகவில்லை. டிரைவால் கழற்றக்கூடியது. உத்தரத்தை நீங்கள் வெட்டவில்லை. வெட்டியிருந்தால் கூரை விழுந்திருக்கும். பலகையில் ஆணி அடித்த துளைகள் இருக்கும், அவை இருந்தால் இருக்கட்டும். ஆட்ரியத்தின் மேல் போட்ட கூரையையும் எடுக்கலாம். வெள்ளைக்கு அடியில் போன லுவான் மரம் திரும்பாது; அது போனது போனதுதான்.

இந்த மாதம் சாவி வாங்கப் போகிறவருக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். காண்ட்ராக்டரை உடனே கூப்பிடாதீர்கள். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் எதையும் இடிக்காமல் அந்த வீட்டில் இருந்து பாருங்கள். எங்கே ஒழுகுகிறது, எந்த அறை வேகிறது, எந்தக் கதவு சிக்குகிறது, காலையில் வெளிச்சம் எந்தச் சுவரில் விழுகிறது என்று அந்த ஓராண்டில் தெரிந்துவிடும். அதன்பின் பட்டியல் எழுதுங்கள். ஒழுகுவதை அடையுங்கள், ஆபத்தானதை மாற்றுங்கள், குளிரைத் தடுங்கள். பட்டியலில் மீதி இருப்பவை பெரும்பாலும் பக்கத்து வீட்டைப் பார்த்து எழுதியவையாக இருக்கும், அவற்றை அடித்துவிடுங்கள்.